பார்த்திருப்பார்கள்

சில ஆண்டுகளுக்கு முன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பு முறிந்து, ஒரு மருத்துவமனையில் ஒன்பது நாள் படுத்திருந்தார். இரவுத் துணைக்கு நான். மூன்றாம் நாள் இரவு பத்து மணி இருக்கும். ஒரு சிஸ்டர், தட்டில் மருந்து ஏற்றிய ஊசியோடு வந்து, "லட்சுமி பாட்டிதானே?" என்று கேட்டார். அம்மா "ஆமாம்மா" என்று தலையை ஆட்டினார்.

அம்மாவின் பெயர் சரஸ்வதி. லட்சுமி பாட்டி அடுத்த கட்டில்.

அம்மாவுக்குக் காது சற்று மந்தம். அதைவிட, வெள்ளை உடுப்புப் போட்டவர் எதைக் கேட்டாலும் ஆமாம் என்பதுதான் மரியாதை என்று வளர்ந்தவர். நான் எழுந்து பெயரைச் சொன்னதும் சிஸ்டரின் முகம் வெளுத்துவிட்டது. ஊசியில் இருந்தது இன்சுலின். அம்மாவுக்குச் சர்க்கரை நோய் கிடையாது. அது உடம்பில் ஏறியிருந்தால் தூக்கத்திலேயே சர்க்கரை அளவு இறங்கிக்கொண்டே போயிருக்கும். நானும் 'இன்றைக்காவது நன்றாகத் தூங்குகிறார்' என்று நிம்மதியாகப் பார்த்துக்கொண்டிருந்திருப்பேன்.

மறுநாள் விசாரித்ததில் கதை தெரிந்தது. ஏசி காற்று நேராக முகத்தில் அடிக்கிறது என்று லட்சுமி பாட்டி மாலையில் முறையிட்டிருக்கிறார். வார்டு ஆயா இரண்டு கட்டில்களையும் சக்கரத்தோடு தள்ளி இடம் மாற்றிப் போட்டுவிட்டார். கட்டில் எண்ணோ சுவரில் எழுதியிருந்தது. கட்டில் நகர்ந்தது, எண் நகரவில்லை. ஆயா, சிஸ்டர் பார்த்திருப்பார் என்று நினைத்தார். பகல் டூட்டி சிஸ்டர், இரவு டூட்டிக்கு வருபவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தார். இரவு சிஸ்டர், பகலிலேயே எல்லாம் பார்த்திருப்பார்கள் என்று நினைத்தார். நான் மட்டும் என்ன, கட்டில் நகர்ந்ததை நாற்காலியில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்தவன்தான். யாரிடமும் சொல்லவேண்டும் என்று எனக்கும் தோன்றவில்லை.

பார்த்திருப்பார்கள். மருத்துவமனைகளில் புழங்கும் சொற்களில் இதைவிட ஆபத்தான ஒன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. இந்தக் கட்டுரை அந்தச் சொல்லைப் பற்றியதுதான்.

நோய் செய்யும் கெடுதல் ஒன்று; நோயைத் தீர்க்கப் போன இடத்தில், சிகிச்சையின் போக்கிலேயே நேரும் கெடுதல் வேறொன்று. இந்த இரண்டாவதைக் குறைப்பது எப்படி என்று பார்க்கும் துறைக்கு 'நோயாளி பாதுகாப்பு' என்று பெயர். ஒரு மாத்திரை வயிற்றைப் புரட்டினால் அது பக்க விளைவு; மருந்தின் இயல்பு. அதே மாத்திரையை ஒத்துக்கொள்ளாது என்று ஏற்கெனவே தெரிந்த ஒருவருக்குக் கொடுத்தால் அது பிழை. அம்மாவுக்கு நடந்ததைப் போல ஊசி தோலைத் தொடும் முன் பிடிபட்டால் அது நூலிழையில் தப்பியது. மூன்றாவது வகையை நாம் "நல்ல காலம்" என்று சொல்லி மறந்துவிடுகிறோம். இந்தத் துறையில் இருப்பவர்களுக்கோ அதுதான் பொக்கிஷம்: அடுத்த முறை எங்கே உடையப் போகிறது என்பதை யாருக்கும் காயமில்லாமல் காட்டிக்கொடுக்கிறது.

இது ஏதோ எங்கோ நடக்கும் விஷயமும் அல்ல. சிகிச்சை பெறும் 10 பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு தீங்கு நேர்வதாகவும், பாதுகாப்பற்ற சிகிச்சையால் உலகம் முழுவதும் ஆண்டுக்கு 30 லட்சத்துக்கும் மேற்பட்டோர் இறப்பதாகவும் உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. அந்தத் தீங்குகளில் பாதிக்குப் பாதி தவிர்த்திருக்கக் கூடியவை. அமெரிக்காவில் 1999இல் வந்த ஓர் அறிக்கை, அந்நாட்டு மருத்துவமனைகளில் மட்டும் ஆண்டுக்கு 44,000 முதல் 98,000 பேர் வரை மருத்துவப் பிழைகளால் இறப்பதாக மதிப்பிட்டபோதுதான் உலகம் இதைக் கவனிக்கத் தொடங்கியது. பணமும் கருவிகளும் குவிந்து கிடக்கும் நாட்டிலேயே அந்த நிலை. 2019 முதல் செப்டம்பர் 17ஆம் தேதியை உலக நோயாளி பாதுகாப்பு நாளாகக் கடைப்பிடிக்கிறார்கள்.

பிழை எப்படி நடக்கிறது என்பதற்கு ஜேம்ஸ் ரீசன் என்ற பிரிட்டிஷ் உளவியல் அறிஞர் ஒரு படம் வரைந்து காட்டினார். ஓட்டை ஓட்டையாக இருக்கும் பாலாடைக்கட்டித் துண்டுகளை வரிசையாக நிறுத்திவைப்பது போன்ற படம். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால், ஒன்றன் கீழ் ஒன்றாகப் பிடித்த நாலைந்து சல்லடைகள். ஒவ்வொன்றும் ஒரு காவல்: எழுதும் மருத்துவர், எடுத்துக் கொடுக்கும் மருந்தாளுநர், போடும் செவிலியர், வாங்கிக்கொள்ளும் நோயாளி. எந்தச் சல்லடையிலும் ஓட்டை இல்லாமல் இராது. ஒன்றில் நழுவுவதை அடுத்தது பிடித்துவிடும். எல்லா ஓட்டைகளும் ஒரே நேர்கோட்டில் வந்து நிற்கிற ஒரு நாள், மேலே விழுந்த கல் நேராக அடியில் இருக்கும் ஆளின் மேல் விழுகிறது.

2018ஆம் ஆண்டு சாத்தூரில் நடந்ததை யாரும் மறந்திருக்க மாட்டார்கள். அரசு மருத்துவமனையில் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்பட்ட ரத்தத்தில் எச்ஐவி தொற்று இருந்தது. ரத்தம் வந்தது சிவகாசி அரசு மருத்துவமனையின் ரத்த வங்கியிலிருந்து. ரத்தம் கொடுத்தவர் தமக்குத் தொற்று இருப்பதை வேறொரு பரிசோதனையில் தற்செயலாக அறிந்து, தாமே ஓடிவந்து சொன்ன பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அதற்குள் ரத்தம் ஏறிவிட்டிருந்தது. ரத்த வங்கியில் சோதித்திருப்பார்கள் என்று வார்டு நம்பியது. அந்த நம்பிக்கையில் தவறில்லை. அப்படி நம்பாமல் மருத்துவமனை ஓடாது. ஆனால் மேல் சல்லடையில் ஓட்டை விழுந்திருந்ததைக் கீழே இருந்த யாராலும் பார்க்க முடியவில்லை.

இனி, இந்த ஓட்டைகள் வழக்கமாக எங்கே விழுகின்றன என்று பார்ப்போம். முதல் இடம் பெயர். நம் ஊரில் இது மற்ற ஊர்களைவிடச் சிக்கலானது. குடும்பப் பெயர் கிடையாது. இருப்பது ஒரு பெயரும் ஓர் எழுத்தும். ஒரே வார்டில் எஸ். முருகேசனும் எம். முருகேசனும் படுத்திருப்பது அதிசயமல்ல. நடைபாதையில் யாராவது கூப்பிட்டால் 'எஸ்', 'எம்' எல்லாம் காதில் ஒன்றுபோல்தான் விழும். அதனால்தான் பெயரோடு இன்னோர் அடையாளமும் கட்டாயம் பார்க்கவேண்டும் என்பது விதி: வயது, பிறந்த தேதி, அல்லது கையில் கட்டிய பட்டையில் உள்ள உள்நோயாளி எண். கட்டில் எண் அடையாளம் ஆகாது. ஏன் ஆகாது என்பதை அம்மாவின் கட்டில் எனக்குக் கற்பித்தது.

கேட்கும் விதமும் முக்கியம். "லட்சுமிதானே?" என்பது கேள்வி அல்ல, பதிலை ஊட்டிவிடுவது. காது கேளாதவரும், அரைத்தூக்கத்தில் இருப்பவரும், பயந்தவரும் அதற்கு ஆமாம் என்றுதான் சொல்வார்கள். "உங்கள் பெயர் என்ன?" என்று கேட்டால்தான் நோயாளி வாய் திறந்து சொல்லவேண்டி வரும். ரத்தம் ஏற்றும்போது இது உயிர் விஷயம். வகை மாறிய ரத்தம் சில மில்லி உள்ளே போனாலே குளிர் நடுக்கம், காய்ச்சல், இடுப்பு வலி, மூச்சுத் திணறல் என்று தொடங்கிவிடலாம். அதனால் முதல் 15 நிமிடம் ஒருவர் பக்கத்தில் நின்று பார்க்கவேண்டும். சிஸ்டருக்கு நிற்க நேரமில்லை என்றால் நீங்கள் நில்லுங்கள். நோயாளி "என்னவோ போல இருக்கிறது" என்று சொன்னாலும் போதும், உடனே கூப்பிடுங்கள்.

இரண்டாவது இடம் மருந்து. இங்கே கொஞ்சம் நேரம் தங்கவேண்டும், ஏனென்றால் தவிர்க்கக்கூடிய தீங்குகளில் ஏறக்குறைய பாதி மருந்து தொடர்பானவை. அவற்றில் பெரும்பகுதிக்கு மருத்துவமனை தேவையே இல்லை, நம் வீட்டு அலமாரியே போதும்.

மருந்துக்கடையில் நான்கு மாத்திரை கேட்டால் பட்டையைக் கத்தரியால் வெட்டித் தருவார்கள். மருந்தின் பெயர் கடைக்காரரிடம் உள்ள பாதியில் தங்கிவிடும்; காலாவதி தேதி குப்பைக்குப் போய்விடும்; நம் கைக்கு வருவது "...டின் 5" என்று முடியும் ஒரு துண்டு. அதைக் காகித உறையில் போட்டு, மேலே 1-0-1 என்று பேனாவால் எழுதுவார்கள். மூன்று எண்களில் காலை, மதியம், இரவு. எழுதப்படிக்கத் தெரியாதவருக்கும் புரியும் அழகான ஏற்பாடு. நான் அதன் ரசிகன். ஆனால் அதில் ஒரு பெரிய ஓட்டை உண்டு: தினமும் சாப்பிடும் மருந்தை மட்டும்தான் அதில் எழுத முடியும்.

மெத்தோட்ரெக்சேட் என்று ஒரு மாத்திரை இருக்கிறது. முடக்குவாதத்துக்கும் சொரியாசிசுக்கும் கொடுப்பது. வாரத்துக்கு ஒரே ஒரு நாள் சாப்பிடவேண்டும். தினமும் சாப்பிட்டால் வாயெல்லாம் புண்ணாகி, ரத்த வெள்ளணுக்கள் விழுந்து, உயிரே போகலாம். அப்படிப் போன உயிர்கள் பல நாடுகளில் உண்டு. இதன் பக்க விளைவைத் தணிக்க ஃபோலிக் அமில மாத்திரையும் சேர்த்துக் கொடுப்பார்கள். இரண்டும் பெரும்பாலும் சிறிய மஞ்சள் மாத்திரைகள்! ஒன்று வாரத்தில் ஒரு நாள், மற்றது வேறு நாட்களில். வெட்டிய பட்டை, ஒரே நிறம், உறையில் 1-0-0. இதைவிட ஒரு பொறியைத் திட்டம் போட்டுக்கூட வைக்க முடியாது. எனக்குத் தெரிந்த ஒரு மருந்தாளுநர், இந்த மாத்திரையைக் கொடுக்கும்போது மட்டும் எண்ணே எழுத மாட்டார். உறை முழுக்கப் பெரிய எழுத்தில் 'புதன்கிழமை மட்டும்' என்று எழுதி, வாங்குபவரை வாய்விட்டுப் படிக்கச் சொல்வார். படித்த பிறகுதான் சில்லறை கொடுப்பார்.

இன்சுலினுக்கும் இதே போல ஒரு கணக்கு. இந்தியாவில் இன்சுலின் பெரும்பாலும் இரண்டு அடர்த்திகளில் கிடைக்கிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். ஊசியும் இரண்டு வகை. 40க்கான சிரிஞ்சின் மூடி சிவப்பு, 100க்கானது ஆரஞ்சு. மாற்றிப் பயன்படுத்தினால் என்ன ஆகும்? 40க்கான சிவப்பு மூடி சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இழுத்தால் அரை மில்லி வரும். உள்ளே இருப்பது 100 வகை மருந்து என்றால், அந்த அரை மில்லியில் 50 யூனிட் இருக்கும். இருபது போடவேண்டியவருக்கு ஐம்பது. நேர்மாறாக மாற்றினால் இருபதுக்கு எட்டுதான் போகும். சர்க்கரை ஏறிக்கொண்டே இருக்கும், மருத்துவர் அளவைக் கூட்டிக்கொண்டே போவார், பிறகு ஒரு நாள் யாராவது சரியான சிரிஞ்சு வாங்கி வருவார்கள். பேனா இன்சுலின் பெரும்பாலும் 100 வகை. பேனா கெட்டுவிட்டதென்று அதன் குப்பியிலிருந்து சிவப்பு மூடி சிரிஞ்சால் உறிஞ்சிப் போடுவது வீடுகளில் நடக்கிறது. தயவுசெய்து வேண்டாம்.

குழந்தை மருந்திலும் இந்த அடர்த்திக் குழப்பம் உண்டு. பாராசிட்டமால் சொட்டு மருந்தில் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் 5 மில்லிக்கு 125 அல்லது 250 மில்லிகிராம். பார்ப்பதற்குச் சொட்டுதான் இலேசானது என்று தோன்றும். பாட்டில் சிறியது, குழந்தை சிறியது. உண்மையில் அதுதான் கெட்டி. எட்டுக் கிலோ குழந்தைக்கு ஒரு மில்லி சொட்டு சரியான அளவாக இருக்கலாம். அதே சொட்டு மருந்தை 'ஒரு ஸ்பூன்' என்று நினைத்து ஐந்து மில்லி ஊற்றினால் ஐந்து மடங்கு. சமையலறை ஸ்பூன்களும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாத ஜாதி. பாட்டிலோடு வரும் அளவு மூடியையோ பில்லரையோ தவிர வேறெதையும் நம்பாதீர்கள்.

பெயர் ஒற்றுமை அடுத்த தலைவலி. 2001இல் நம் உச்ச நீதிமன்றத்துக்கே இது போனது. ஃபால்சிகோ, ஃபால்சிடாப் என்று இரண்டு நிறுவனங்களின் மலேரியா மருந்துகள். பெயர்கள் மக்களைக் குழப்புமா என்பது வழக்கு. மற்ற பொருட்களைப் போல மருந்துப் பெயரைப் பார்க்க முடியாது, குழப்பம் வந்தால் உயிர் போகும், ஆகவே இங்கே அளவுகோல் கடுமையாக இருக்கவேண்டும் என்று நீதிமன்றம் சொன்னது. சோப்பு மாறினால் நுரை குறையும், அவ்வளவுதான். மருந்துச் சீட்டின் கையெழுத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். மருந்தின் மூலப் பெயரைத் தெளிவாக, கூடுமானால் பெரிய எழுத்துகளில் எழுதவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2016இல் விதி கொண்டுவந்தது. அதற்குப் பிறகு நான் பார்த்த சீட்டுகளில் சிலவற்றை மட்டும் என்னால் படிக்க முடிந்தது. அதோடு எண்களின் குறும்பு வேறு. யூனிட் என்பதற்கு ஆங்கிலத்தில் 'யூ' என்ற ஒற்றை எழுத்தைப் போட்டால், அவசரத்தில் அது பூஜ்யம்போல் விழுந்து, 4 யூனிட் 40 ஆகிவிடும். 1.0 என்று எழுதி நடுப்புள்ளி மங்கினால் 10.

இன்னொன்று, நம் ஊருக்கே உரிய இரட்டிப்பு. ஒரு தாத்தா, சர்க்கரைக்கு மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீடு தேடி வரும் மாத்திரையை வாங்கி வைத்துக்கொள்கிறார். மகன் ஒரு தனியார் மருத்துவரிடமும் அழைத்துப் போகிறான். அவரும் மாத்திரை எழுதுகிறார். இரண்டு அட்டை, இரண்டு நிறம், இரண்டு பெயர், உள்ளே இருப்பது ஒரே மெட்ஃபார்மின். தாத்தா இரண்டையும் சாப்பிடுகிறார், ஏனென்றால் இரண்டுமே டாக்டர் கொடுத்தது. 'முன்னால் என்ன சாப்பிடுகிறார் என்று புது டாக்டர் பார்த்திருப்பார்.' அவர் எங்கே பார்த்தார், யாரும் காட்டவில்லையே. இதற்கு இருக்கும் வைத்தியம் மிகப் பழமையானது: எல்லா மருந்தையும், சித்த மருந்து லேகியம் உட்பட, ஒரு மஞ்சள் பையில் போட்டு டாக்டரின் மேசையில் கொட்டுவது. எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது என்பதையும் அவர் கேட்காமலே சொல்லிவிடுங்கள்.

கை கழுவுவதைப் பற்றிக் கொரோனா காலத்தில் போதுமான அளவு கேட்டுவிட்டோம், ஆனால் அதன் பழைய கதையைச் சொல்லாமல் போக மனம் வரவில்லை. வியன்னா பொது மருத்துவமனையில் 1840களில் இரண்டு பிரசவ வார்டுகள் இருந்தன. ஒன்றில் மருத்துவர்களும் மாணவர்களும் பிரசவம் பார்த்தார்கள், மற்றதில் மருத்துவச்சிகள். மருத்துவர் வார்டில் பிரசவக் காய்ச்சலால் தாய்மார் இறப்பது மருத்துவச்சி வார்டைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். ஊர்ப் பெண்களுக்கு இது தெரியும். முதல் வார்டு வேண்டாம் என்று காலில் விழுந்து கெஞ்சுவார்களாம். இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற இளம் மருத்துவர் காரணத்தைத் தேடினார். பிரேதப் பரிசோதனையில் கத்தி குத்திய அவர் நண்பர் ஒருவர் அதே காய்ச்சல் போன்ற ஒன்றில் இறந்தபோது விடை கிடைத்தது. மருத்துவர்கள் பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ வார்டுக்கு வருகிறார்கள். மருத்துவச்சிகள் பிணவறைக்குப் போவதில்லை. 1847 மே மாதத்தில் குளோரின் கலந்த சுண்ணாம்புக் கரைசலில் கை கழுவச் சொன்னார். ஏப்ரலில் 18 சதவீதமாக இருந்த இறப்பு ஜூனில் சுமார் 2 சதவீதமாக இறங்கியது.

மருத்துவ உலகம் அவரைக் கொண்டாடியிருக்கும் என்று நினைப்பீர்கள். இல்லை. கனவான்களின் கை அழுக்காக இருக்கும் என்பதை அவர்களால் ஏற்க முடியவில்லை. செம்மல்வைஸ் 1865இல் ஒரு மனநலக் காப்பகத்தில் இறந்தார். இன்றைக்கும் சிக்கல் கொஞ்சம் அதே சாயலில்தான் இருக்கிறது. கட்டிலின் காலடியில் கை தேய்க்கும் திரவம் தொங்குகிறது, முப்பது விநாடி வேலை, ஆனால் பெரிய டாக்டரிடம் "கை தேய்த்தீர்களா சார்?" என்று யார் கேட்பது? நாமும் யோக்கியர்கள் அல்ல. சாத்துக்குடிப் பையைப் பஸ்ஸிலும் லிஃப்டிலும் சுமந்துவந்த கையோடு நேராக நோயாளியின் கட்டிலில் உட்கார்ந்து கன்னத்தைத் தடவுகிற சொந்தக்காரர்கள்தானே நாம்.

அறுவை சிகிச்சையில் வலது இடது மாறுவது, வயிற்றுக்குள் பஞ்சுத் துணி தங்கிப்போவது எல்லாம் செய்தித்தாளில் பெரிதாக வரும். ஆனால் இந்தப் பகுதியில்தான் நல்ல முன்னேற்றமும் நடந்திருக்கிறது. 2008இல் உலக சுகாதார நிறுவனம் 19 வரிகள் கொண்ட ஒரு சரிபார்ப்புப் பட்டியல் வெளியிட்டது. மயக்க மருந்துக்கு முன், கத்தி படும் முன், நோயாளி வெளியேறும் முன் என்று மூன்று நிறுத்தங்கள். ஆள் யார், எந்தப் பக்கம், ஒவ்வாமை உண்டா, துணிகளின் எண்ணிக்கை சரியா என்று வாய்விட்டுக் கேட்பது. புதுதில்லி உட்பட உலகின் எட்டு நகரங்களில் சோதித்தார்கள். இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. புது மருந்து இல்லை, புது இயந்திரம் இல்லை, ஒரு தாள். உங்களுக்கோ உங்களவருக்கோ கை கால் கண் எதிலாவது அறுவை என்றால், எந்தப் பக்கம் என்று நோயாளி விழித்திருக்கும்போதே மையால் குறி வைக்கச் சொல்லுங்கள்.

நோயைக் கண்டுபிடிப்பதில் நேரும் பிழை சத்தமில்லாதது. நெஞ்சைப் பிசைகிறது என்று வருபவருக்கு 'வாயு' என்று பெயர் வைத்துவிட்டால் அதோடு எல்லோரும் யோசிப்பதை நிறுத்திவிடுகிறோம். வீட்டில் தொடங்குகிறது அது. சோடா குடித்து, பெருங்காயம் கரைத்து, இரண்டு மணி நேரம் போய்விடும். சர்க்கரை நோயாளிகளுக்கு மாரடைப்பு வலியே இல்லாமல், வெறும் வியர்வையும் மூச்சிரைப்புமாக வரலாம். முதல் இசிஜி சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. சில நேரம் திரும்ப எடுத்தால்தான் தெரியும். இன்னொரு வகை, பரிசோதனை முடிவு வந்தும் யாரும் படிக்காமல் கிடப்பது. சதைப் பரிசோதனைக்குக் கொடுத்துவிட்டு டிஸ்சார்ஜ் ஆகி வருகிறோம். முடிவு ஒரு வாரம் கழித்து வரும். ஏதாவது இருந்தால் டாக்டர் கூப்பிட்டிருப்பார் என்று நாமும், வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்வார்கள் என்று ஆய்வகமும். அந்தத் தாள் ஒரு கோப்பில் மாதக்கணக்கில் தூங்கும். போன் வரவில்லை என்பது நல்ல செய்தி அல்ல. போன் வரவில்லை என்பது மட்டும்தான் அதன் பொருள்.

கட்டிலிலிருந்து விழுவது, படுக்கைப்புண் ஆகியவற்றில் ஆராய ஒன்றுமில்லை. தூக்க மாத்திரை கொடுத்த வயதானவரை இரவில் தனியாகக் கழிப்பறைக்கு விடக்கூடாது. அசைய முடியாதவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை திருப்பிப் படுக்க வைக்கவேண்டும். தெரிந்த விஷயம்தான். இதைச் செய்ய ஆள் போதவில்லை என்பதே பிரச்சினை, அதற்குக் கட்டுரை எழுதிப் பயனில்லை.

பிழை நடந்த பிறகு நாம் செய்வது என்ன? யார் செய்தது என்று தேடுகிறோம். ஒரு செவிலியர் பணியிடை நீக்கம், செய்தி முடிந்தது. ஒரு மாற்று வழியைச் சொல்கிறேன். பொட்டாசியம் குளோரைடு என்ற மருந்து சிறு கண்ணாடிக் குப்பியில் வரும். நிறமில்லாதது. பக்கத்தில் இருக்கும் உப்புநீர்க் குப்பியைப் போலவே இருக்கும். கரைக்காமல் நேராக ரத்தக் குழாயில் ஏற்றினால் இதயம் நின்றுவிடும். பல நாடுகளில் இப்படி மாறிப்போய் நோயாளிகள் இறந்தார்கள். 'கவனமாக இருங்கள்' என்று எத்தனை சுற்றறிக்கை அனுப்பினாலும் அடுத்த இரவு அதே தட்டில் அதே இரண்டு குப்பிகள். பிறகு ஒருவழியாகச் செய்தது இதுதான்: அந்தக் குப்பியைச் சாதாரண வார்டுகளின் அலமாரியிலிருந்தே எடுத்துவிட்டார்கள். இல்லாத குப்பியை மாற்றி எடுக்க முடியாது.

வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்தும் அப்படித்தான். ரத்தக் குழாயில் மட்டும் ஏற்றவேண்டியது; முதுகுத் தண்டில் போட்டால் அநேகமாக மரணம். அதே நோயாளிக்கு அதே நாளில் முதுகில் போடவேண்டிய வேறொரு மருந்தும் சிரிஞ்சில் காத்திருக்கும். சிரிஞ்சு சிரிஞ்சாக இருக்கும்வரை கை மாறிக்கொண்டே இருந்தது. வின்கிரிஸ்டினைச் சிரிஞ்சில் ஏற்றாமல் சிறு பையில் கலந்து சொட்டுச் சொட்டாக விடுங்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 2007இல் எச்சரித்தது. பையைக் கொண்டுபோய் யாரும் முதுகில் குத்த மாட்டார்கள். யாரையும் திட்டாமல், யாருக்கும் அறிவுரை சொல்லாமல், கையின் வழியை மட்டும் மாற்றிய ஏற்பாடுகள் இவை.

ஆனால் இப்படி மாற்றுவதற்கு முதலில் பிழை வெளியே வரவேண்டும். சொன்னால் வேலை போகும், சொந்தக்காரர்கள் கண்ணாடியை உடைப்பார்கள் என்றால் யார் சொல்வார்கள்? மருத்துவமனைகளைத் தாக்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2008இலேயே ஒரு சட்டம் கொண்டுவர வேண்டியிருந்தது என்பதை நினைவில் வையுங்கள். பயந்த இடத்தில் உண்மை தங்காது. என் அம்மாவின் இன்சுலின் கதை அந்த மருத்துவமனையின் எந்தப் பதிவேட்டிலும் ஏறியிருக்காது என்று நினைக்கிறேன். அந்த சிஸ்டர் என்னிடம் "மேடத்திடம் சொல்லிவிடாதீர்கள் அண்ணா" என்றார். நானும் சொல்லவில்லை. அன்று அது பெருந்தன்மையாகத் தெரிந்தது. இப்போது, சுவரில் எழுதிய எண்கள் அப்படியேதான் இருக்கும் என்பது உறுத்துகிறது.

மருந்துகளின் விஷயத்தில் நோயாளியே நேராகப் புகார் செய்ய ஒரு வழி இருக்கிறது. இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டம் 2010இல் தொடங்கப்பட்டது. ஒரு மருந்தைச் சாப்பிட்டு எதிர்பாராத விளைவு ஏற்பட்டால் 1800 180 3024 என்ற கட்டணமில்லா எண்ணில் தெரிவிக்கலாம். தண்டிப்பதற்கல்ல, கணக்கு வைப்பதற்கு. இப்படி ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது.

அம்மாவின் கதையில் ஒரு பாக்கி இருக்கிறது. அந்த இரவுக்குப் பின் ஐந்தாம் நாள் ஒரு புதுப் பெண் டூட்டிக்கு வந்தாள். பயிற்சி முடித்துச் சில வாரம்தான் ஆகியிருக்கும். ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு, கைப்பட்டையைத் திருப்பிப் பார்த்து, "பாட்டி, உங்கள் பெயர் என்ன? வயது என்ன?" என்று கேட்டாள். காலையில் கேட்டாள், மதியமும் கேட்டாள். இரவு மூன்றாம் முறை கேட்டபோது அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"எட்டு நாளாக இங்கேதான் படுத்திருக்கிறேன். காலையிலிருந்து மூன்று தடவை சொல்லிவிட்டேன். இன்னுமா உனக்கு என் பெயர் மனதில் நிற்கவில்லை?" என்றார். அவள் போன பிறகு என் பக்கம் திரும்பி, "பழைய சிஸ்டர் எவ்வளவோ தேவலை. ஒரு வார்த்தை கேட்டுத் தொந்தரவு செய்ய மாட்டாள்" என்றார்.